சாதன இயக்கியும் பகிர்வும்: நுண்கருக் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு பொருளைப் பலருக்குப் பொதுவென்று அறிவித்தல் எளிது. அதனை நுகர்வோர் ஒருவரால் ஒருவர் இடருறாவண்ணம் பகிர்ந்தளித்தல் அரிது. கணினியின் உள்ளே நிகழும் வேலைகளுட் பெரும்பகுதி இவ்வரிய செயலைப் பற்றியதேயாகும். கணினிக்கு வட்டு ஒன்று, வலையமைப்பு அட்டை ஒன்று, அச்சுப்பொறி ஒன்று. அவற்றை நாடி நிற்கும் நிரல்களோ பல. அவை அனைத்தும் ஒரே வேளையில் ஒரே சாதனத்தை ஏவத் தலைப்படுமாயின், விளைவது குழப்பமேயன்றிப் பயனன்று. ஆதலின், இடைநின்று முறைசெய்தற்குப் பணிசெயல் முறைமை என்னும் தலைமை நிரல் வேண்டப்படுகின்றது. அதன் நடுவிடமாய், எல்லா அதிகாரமும் பெற்று நிற்கும் பகுதி கரு எனப்படும்.

சாதனம் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி மொழி உடையது. எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் வட்டுச் சுழலும், எத்துணைப் பொழுது பொறுத்திருந்தால் அட்டை விடையிறுக்கும் என்பனவெல்லாம் செய்தவர்க்குச் செய்தவர் வேறுபடுவன. இவ்வேறுபாடுகளைத் தான் அறிந்து வைத்துக்கொண்டு, ஏனைய நிரல்களுக்குப் பொதுவான ஒரு முகத்தைக் காட்டும் நிரற்பகுதியே சாதன இயக்கியாகும். யூனிக்ஸ், லினக்ஸ் முதலிய மரபுவழி முறைமைகளில் இவ்வியக்கி கருவினுள்ளேயே குடியிருக்கின்றது. கருவுக்குள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் உண்டு. எனவே, அற்பமான ஓர் ஒலியட்டைக்கு எழுதப்பட்ட இயக்கியில் நேரும் பிழையும் கணினி முழுவதையும் வீழ்த்தவல்லது.

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. 2001ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் லினக்ஸ் கருவின் மூலநிரலை ஆராய்ந்து, சாதன இயக்கிகளிற் காணப்படும் பிழைவீதம் கருவின் ஏனைய பகுதிகளில் உள்ளதினும் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுதி எனக் கண்டனர். 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவிப்ட், பெர்ஷாட், லெவி என்போர் வெளியிட்ட ஆய்வு, விண்டோஸ் எக்ஸ்பி முறைமையில் அக்காலத்து அறிவிக்கப்பட்ட வீழ்ச்சிகளுள் நூற்றுக்கு 85 இயக்கிகளால் நேர்ந்தவை எனக் குறித்தது. காரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. கருவை எழுதுவோர் சிலர்; அவர் அதன் உள்ளிலக்கணம் முற்றும் அறிந்தவர். இயக்கியை எழுதுவோர் பலர். அவர் அறிந்தது தம் சாதனத்தை மட்டுமே.

இந்நோய்க்கு மருந்தாகக் கூறப்பட்டதே நுண்கருக் கொள்கை. கருவினுள் இன்றியமையாத சிலவற்றை மட்டும் நிறுத்தி, கோப்பு முறைமை, வலையமைப்பு, சாதன இயக்கி ஆகியவற்றை வெளியேற்றிச் சாதாரண நிரல்களைப் போல வேலியிட்டு இயங்கச் செய்தல் இதன் சாரம். டென்மார்க்கைச் சேர்ந்த பெர் பிரிஞ்ச் ஹான்சென் 1969ஆம் ஆண்டளவில் ஆர்.சி. 4000 என்னும் கணினிக்கு வகுத்த முறைமையிலேயே இதன் வித்தைக் காணலாம். 1980களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுந்த மாக் என்னும் கரு இக்கொள்கையை உலகறியச் செய்தது. எனினும் வேகக் குறைவால் அது பழிக்கவும் பட்டது. வெளியேற்றப்பட்ட பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் போதெல்லாம் கருவைக் கடந்து செல்லவேண்டியிருந்தமையே அக்குறைக்கு ஏது. ஜேர்மனியரான யோகென் லீட்கே 1993இல் இக்குறை கொள்கையின் குறையன்று, செய்கையின் குறையே என்பதை நிறுவினார். மாக் கரு 115 மைக்ரோவினாடியிற் செய்த சிறு செய்திப் பரிமாற்றத்தை அவர்தம் கரு அதே பொறியில் 5 மைக்ரோவினாடியிற் செய்து முடித்தது. அவ்வழி வந்ததே எல்4 என்னும் குடும்பம். 1997இல் அதன்மேல் லினக்ஸ் முறைமையையே ஒரு குடியாக ஏற்றி இயக்கியபோது, நேரடியாக இயங்கும் லினக்சினும் வேலைத்திறன் நூற்றுக்கு 5 அளவே குறைந்தது என அளந்து காட்டினர்.

வேகத்தடை நீங்கியது, ஆயின் வேறொரு தடை நின்றது. புதிய கரு எத்துணைச் சிறப்புடையதாயினும், சந்தையில் விற்கும் வட்டையும் அட்டையையும் இயக்க மாட்டாதெனில் அதனைக் கொள்வார் இலர். லினக்சுக்கென ஆயிரக்கணக்கான இயக்கிகள் பலருடைய பல்லாண்டு உழைப்பால் திரண்டுள்ளன. அவற்றை மீண்டும் முதலிலிருந்து எழுதுதல் ஒரு சிறு ஆய்வுக் குழுவினால் இயலாது. சாதனங்களின் உள்விவரங்களைச் செய்தவர் பலர் வெளியிடுவதுமில்லை. புதிதாகச் செயலி ஆக்குவோரும் இத்தடையையே எதிர்ப்படுகின்றனர். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கிய சக்திச் செயலி 2018இல் இயங்கிக் காட்டியதும் லினக்சைத்தான். பிறர் எழுதி வைத்த செல்வம் அங்கேயே குவிந்துகிடக்கின்றது. சாதனங்களைத் தாம் செய்யாது விலைகொடுத்து வாங்கும் இலங்கை போன்ற நாடுகளுக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. பிறர் எழுதிய இயக்கியை அவ்வாறே ஏற்று, ஆயினும் அதன் பிழைக்குத் தாம் பலியாகாது வாழ்தல் கூடுமோ என்பதே அவ்வினா.

இதற்கு விடையாக வந்த முயற்சிகளுள் பெரிதும் பேசப்படுவது 2004ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தினர் லெவாசர், ஊலிக், ஷ்டோஸ், கேட்ஸ் என்னும் நால்வர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையாகும். இயக்கிகளை மாற்றமின்றி மீளப் பயன்படுத்தலும், அதனாலேயே முறைமையின் நம்பகத்தை உயர்த்தலும் அதன் இரு நோக்கங்கள். இவ்விரண்டும் ஒரே வழியால் நிறைவேறும் என்பது அதன் துணிபு. அத்துணிபு எவ்வளவிற் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கார்ல்ஸ்ரூவினர்க்கு முன்னும் இயக்கிகளைக் கடன்கொண்டோர் உளர். 1997இல் வெளிவந்த யூட்டா பல்கலைக்கழகத்தாரின் ஓ.எஸ். கிட் என்னும் தொகுப்பு, லினக்சிலிருந்து இயக்கியை மட்டும் பெயர்த்தெடுத்து, அது எதிர்பார்க்கும் சூழலை ஒட்டுநிரல்களால் போலியாக அமைத்துக் கொடுத்தது. கார்ல்ஸ்ரூவினர் வழி வேறு. அவர் இயக்கியைப் பெயர்க்கவில்லை. இயக்கி குடியிருக்கும் லினக்ஸ் முறைமை முழுவதையும் ஒரு மெய்நிகர் பொறியினுள் வைத்து எல்4 நுண்கருவின்மேல் ஏற்றினர். மெய்நிகர் பொறியாவது, உண்மையான கணினி போலத் தோற்றும்படி மென்பொருளால் அமைந்த பொறி. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1972இல் வெளியிட்ட வி.எம். 370 முதலாக இக்கருத்துப் பயின்று வருகின்றது. இவ்வாறு ஏற்றப்பட்ட லினக்சினுள் ஒரு சிறு மொழிபெயர்ப்புக் கூறு சேர்க்கப்படும். வெளியே உள்ள பயனர் முறைமைகள் தம் வேண்டுகோளை அக்கூற்றுக்கு அனுப்ப, அது லினக்ஸ் இயக்கிக்கு விளங்கும் வடிவில் அதனைக் கையளிக்கும்.

இவ்விரு வழிகளின் வேற்றுமையை விளக்குதற்கு மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியிலேயே ஓர் உவமை உண்டு. நாலந்தா கெடிகே என்னும் கற்றளி, திராவிடக் கட்டட மரபில் எழுந்த பௌத்தக் கோட்டம். போவத்தென்ன நீர்த்தேக்கம் அமையும்போது அது நீரில் மூழ்க நேர்ந்தது. ஆகவே அதனைக் கல் கல்லாகப் பிரித்து, 1980ஆம் ஆண்டளவில் உயர்ந்த நிலத்தில் மீண்டும் அடுக்கினர். கட்டடம் பழையது, நிலம் புதியது. ஓ.எஸ். கிட் செய்தது இத்தகைய பெயர்ப்பாகும். கல்லும் கல்லும் பொருந்தும் வரிசை அறிந்தவர் உள்ளவரை அப்பணி நடைபெறும். ஆனால் லினக்சின் உட்கட்டோ ஆண்டுதோறும் மாறுவது. மாறுந்தோறும் ஒட்டுநிரலும் மாற்றி எழுதப்படல் வேண்டும். கார்ல்ஸ்ரூவினரோ கோட்டத்தை மட்டும் பெயர்க்காமல், அது நின்ற நிலத்தையும் அதனைச் சூழ்ந்த ஊரையும் ஒருசேரத் தூக்கி வந்தனர் எனலாம். அடுக்கும் வேலை மிச்சமாயிற்று. தூக்கும் சுமை மிகுந்தது. சில ஆயிரம் வரிகளையுடைய ஓர் இயக்கியின் பொருட்டுப் பல இலட்சம் வரிகளையுடைய ஒரு முறைமை உடன்வந்து குடியேறுகின்றது.

அச்சுமை தாங்கக்கூடியதே என்று அக்கட்டுரை எண்களால் நிறுவியது. வலையமைப்பு வேகம் நேரடி லினக்சினின்றும் நூற்றுக்கு 3 முதல் 8 வரையே வேறுபட்டது. மேலதிகமாகச் சேர்க்கும் மெய்நிகர் பொறி ஒவ்வொன்றும் செயலியின் உழைப்பை நூற்றுக்கு 0.12 அளவே கூட்டியது. வலையமைப்பு, வட்டு முதலிய பல்வகை இயக்கிகள் ஓர் எழுத்தும் மாறாமல் இயங்கின. இவ்வளவில் அக்கட்டுரையின் முதல் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றி நிறைவேறியது. புதியதொரு கருவை ஆக்க முனைவோர்க்கு வாயிலில் நின்ற பெருந்தடையை அது அகற்றியது. அப்பெருமையை எவரும் மறுத்தற்கில்லை.

இரண்டாம் நோக்கமாகிய நம்பகத்தைப் பற்றியே வினாக்கள் எழுகின்றன. நம்பகம் என்னும் சொல் ஒரு பொருட்டன்று. அதனுள் மூன்று கூறுகள் அடங்கும். ஓரிடத்துப் பிழை மற்றோரிடத்துக்குப் பரவாமை முதலாவது, அது பிரிப்பு. பொதுவான சாதனத்தை நுகர்வோர் ஒருவரால் ஒருவர் கெடாமை இரண்டாவது, அது பகிர்வு. வீழ்ந்தது எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்தல் மூன்றாவது, அது மீட்சி. ஒன்றிற் பெற்ற வெற்றியை மற்ற இரண்டுக்கும் நீட்டிக் கூறுவது வழுவாகும். 2004ஆம் ஆண்டுக் கட்டுரையைப் புகழ்ந்தோருட் பலர் இவ்வழுவுக்கு ஆளாயினர்.

முதலில் பிரிப்பை நோக்குவது தகும். மெய்நிகர் பொறியாகிய வேலி, செயலி செய்யும் செயல்களுக்கே வேலியாகும். சாதனங்களுட் பலவோ செயலியை எதிர்பாராமல் நினைவகத்திற் தாமே நேரே எழுதவும் படிக்கவும் வல்லவை. வலையமைப்பு அட்டைக்கு "இன்ன முகவரியில் எழுதுக" என்று இயக்கி கட்டளையிட, அட்டை அவ்வாறே எழுதும். அம்முகவரி பிறர்க்குரியதோ நுண்கருவுக்கே உரியதோ என்று அது வினவுவதில்லை. எனவே, வேலிக்குள் அடைக்கப்பட்ட இயக்கி, வேலிக்கு வெளியே உள்ள சாதனத்தின் கையால் பிறருடைய நினைவகத்தை அழித்தல் கூடும். இதனைத் தடுக்கச் சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே முகவரிகளைச் சரிபார்க்கும் வன்பொருள் வேண்டும். 2004ஆம் ஆண்டில் அது சாதாரண மேசைக் கணினிகளில் இல்லை. அப்பத்தாண்டின் பிற்பகுதியிலேயே பரவலாயிற்று. கட்டுரையாளர் இதனை மறைத்தாரல்லர். வன்பொருட் காவல் உள்ள நிலை, அஃது இல்லாத நிலை என வேறுபடுத்தியே பேசினர். ஆயினும் எடுத்துக்காட்டுவோர் வன்மையான பிரிப்பு என்னும் தொடரை மட்டும் எடுத்தனர், நிபந்தனையை விடுத்தனர். மென்பொருளின் புகழுட் பாதி வன்பொருளைச் சார்ந்தது என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் நலம்.

இனிப் பகிர்வு. இதற்கும் நாவுலவே விளக்கந் தரும். பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு முதல் திருப்பப்படும் மகாவலி நீர், உக்குவளை மின்னிலையத்தைக் கடந்து சுது கங்கை வழியாக அம்பன் கங்கையிற் சேர்ந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கே அது இரு கூறாகின்றது. ஒரு கூறு வடக்கு நோக்கிச் சுரங்க வழியாகச் சென்று, கலாவாவிப் பக்கத்து வயல்களுக்குப் போகின்றது. மற்றைய கூறு ஆற்றின் வழியே இறங்கி எலஹெர அணையினால் மின்னேரியா முதலிய குளங்களைச் சார்கின்றது. தேக்கம் ஒன்று; பங்காளர் பலர்; வேண்டும் காலமும் பெரும்பாலும் ஒன்றே. எப்பக்கத்துக்கு எவ்வளவு என்பதை மதகு திறப்பவர் தம் மனம்போலத் தீர்மானிப்பதில்லை. மகாவலி நீர் முகாமைத்துவக் குழு பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னரே அளவை வகுக்கின்றது. மதகில் நிற்பவர் அதனை நிறைவேற்றுகின்றார். பங்கிடும் நெறி வேறு, மதகைத் திறக்கும் தொழில் வேறு என்னும் இப்பிரிவினையே அவ்வமைப்பின் உயிர்நிலை.

கார்ல்ஸ்ரூ அமைப்பிலோ இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. பல முறைமைகள் ஒரே வட்டை நாடும்போது, எவர் வேண்டுகோள் முன், எவர் வேண்டுகோள் பின் என்பதை முடிவுசெய்வது இயக்கியைத் தாங்கிய லினக்சும் அதனுட் செருகிய மொழிபெயர்ப்புக் கூறுமே. அந்த லினக்ஸ் தனக்கென ஒரு முறைவைப்பு உடையது. வெளியே உள்ள முறைமைகளின் முதன்மை, அவசரம் ஆகியவற்றை அது இயல்பாக அறியாது. மேலும், எல்லாருடைய தரவும் அதன் கண்முன்னே கடந்து செல்கின்றன. மறைகுறியாக்கத்தால் பொருளை மறைக்கலாம். தாமதத்தையும் மறுப்பையும் அதனால் தடுத்தல் இயலாது. அது வீழுமாயின், பிற சாதனங்களை நுகர்வோர் தப்புவர் என்பது மெய்யே. அச்சாதனத்தின் பங்காளர் அனைவரும் ஒருங்கே இழப்பர். ஆகவே பிரிப்பு காத்தது அயலாரை, பங்காளரையன்று.

இக்குறையையே வேறொரு வாயிலாக வெளிப்படுத்திற்று அடுத்த ஆண்டில் எழுந்த ஒரு சொற்போர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த சென் என்னும் மெய்நிகர் முறைமையைச் சார்ந்த ஹாண்ட் முதலியோர், மெய்நிகர் பொறிகளை ஆளும் முறைமையே செம்மையாகச் செய்யப்பட்ட நுண்கரு ஆகுமோ என்னும் வினாவை 2005இல் எழுப்பி, ஆம் என்னும் பக்கத்திற் சாய்ந்தனர். நுண்கருக்களில் அடிப்படைப் பகுதியொன்று தன்னினும் நம்பத்தகாத வெளிநிரலைச் சார்ந்து நிற்கும் நிலை உண்டு என்றும், தம் அமைப்பில் அத்தலைகீழ்ப் பொறுப்பு இல்லை என்றும் அவர் வாதித்தனர். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கெர்னோட் ஹைசர், முற்கூறிய ஊலிக், லெவாசர் என்போருடன் சேர்ந்து 2006இல் மறுப்பு எழுதினார். சென் முறைமையிலும் வட்டுச் சேவை செய்யும் களம் ஒன்று வீழின், அதனைச் சார்ந்த களங்களெல்லாம் செயலிழக்குமன்றோ. அங்ஙனமாயின் வேற்றுமை யாது என்பது அவர் வினா.

இருதிறத்தார் வாதத்தையும் நடுநின்று நோக்கின், மறுத்தோர் பக்கமே வலிமை மிகுதி என்று கொள்ளல் வேண்டும். சார்ந்திருத்தல் பெயர் மாற்றத்தால் மறைவதன்று. சேவையைக் களம் என்றாலும் நிரல் என்றாலும், அதனை நம்பி நிற்பவர் அதன் வீழ்ச்சியை ஏற்றேயாதல் வேண்டும். ஆயினும் மறுத்தோர் தம் பக்கத்துக் குறையைக் கூறாது விட்டனர் என்பதும் உண்மை. அவர்தாம் 2004இல் எழுதிய அமைப்பும் அதே சார்பினை உடையது. எதிராளியின் வீட்டில் காட்டிய விரிசல் தம் வீட்டிலும் உண்டு என்று அவர் வெளிப்படக் கூறியிருப்பின், அச்சொற்போர் வெற்றி தோல்வியில் முடியாது, பகிர்வுச் சிக்கலுக்கு ஒரு தீர்வை நோக்கி முன்னரே சென்றிருக்கும்.

சென் முறைமையின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. அதில் இயக்கிகள் பெரும்பாலும் தலைமைக் களம் எனப்படும் ஒரே லினக்சினுள் வைக்கப்பட்டன. ஏனைய களங்களின் வட்டும் வலையமைப்பும் அதன் கைவழியே நடந்தன. கருவினின்று வெளியேற்றப்பட்ட அதிகாரம் கலைந்து போகவில்லை. வேறொரு வீட்டில் மீண்டும் திரண்டது. இதனை உணர்ந்தோர் பின்னர்த் தலைமைக் களத்தைச் சிறு கூறுகளாகச் சிதைக்க முயன்றனர். 2012இல் முதற் பதிப்பு வெளிவந்த கியூப்ஸ் என்னும் முறைமை வலையமைப்பு இயக்கிகளைத் தனிக் களத்தில் ஒதுக்கி வைத்தது இவ்வுணர்வின் பயனே.

மூன்றாவதாகிய மீட்சிக்கு வருவோமாயின், நெதர்லாந்தில் டனன்பாம் குழுவினர் 2005 முதல் வளர்த்த மினிக்ஸ் 3 நல்ல உரைகல்லாகும். அதில் வீழ்ந்த இயக்கியைக் கண்டு மீண்டும் எழுப்புதற்கென்றே ஒரு காவல் நிரல் உண்டு. அவர் கண்ட முடிவு கருதத்தக்கது. வலையமைப்பு இயக்கி வீழ்ந்து எழுந்தால் பயனர் அதனை உணரார். இழந்த பொதியை மேலடுக்கு மீண்டும் அனுப்பும். வட்டு இயக்கியும் அவ்வாறே. அதே பகுதியில் அதே தரவை இருமுறை எழுதினாலும் தீங்கில்லை. ஆனால் அச்சுப்பொறியின் நிலை வேறு. பாதிப் பக்கம் அச்சாகி நின்றபின் மீண்டும் அனுப்பின் அப்பாதி இருமுறை வரும். அனுப்பாவிடின் மற்றைப் பாதி வாராது. ஆகவே மீட்சி என்பது இயக்கியை மறுபடி எழுப்புவதனால் மட்டும் நிறைவதன்று. சாதனத்தின் இயல்பையும், நுகர்வோர் எதனை நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதையும் பொறுத்தது. லினக்ஸ் முழுவதையும் மறுபடி தொடக்குவதனால் வேலிக்குள் இருப்பது தூய்மையாகும். வேலிக்கு வெளியே பாதியில் நின்ற வேலைக்கு அது விடையாகாது.

வன்பொருள் செய்வோரும் வாளாவிருந்தாரல்லர். ஒரே அட்டை தன்னைப் பல அட்டைகளாகக் காட்டி, ஒவ்வொரு மெய்நிகர் பொறிக்கும் ஒன்றாகத் தன்னையே பங்கிட்டுக் கொடுக்கும் முறையொன்று 2007ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது. இடைநின்ற மென்பொருள் நீங்கியமையால் வேகம் கூடியது. எனினும் பங்கிடும் நெறி அப்போது அட்டையினுள்ளே, செய்தவர் வகுத்தபடி உறைந்து நிற்கின்றது. அதனை ஆராய்வதோ திருத்துவதோ பிறர்க்கு எளிதன்று. பகிர்வுச் சிக்கல் தீர்ந்ததன்று. கண்ணுக்கு மறைவான இடத்துக்குச் சென்றது.

ஹைசர் வாழும் சிட்னி நகரத்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 2009இல் எஸ்.இ.எல்.4 என்னும் நுண்கரு, ஏறத்தாழ 8,700 வரி மூலநிரல் உடையது, தன் விவரக்குறிப்பின் வழியே நடக்கும் என்று கணித முறையால் மெய்ப்பிக்கப்பட்டது. அம்மெய்ப்பினுள் இயக்கிகள் அடங்கா. நினைவகத்தில் நேரே எழுதும் சாதனங்கள் நம்பத்தக்கவை அல்லது கட்டுப்படுத்தப்பட்டவை என்று கொண்டே அது நிற்கின்றது. இவ்வெல்லையை உணர்ந்த அக்குழுவினர் அண்மைக் காலத்தில் இயக்கிகளுக்கென ஒரு புதிய சட்டகத்தை வகுத்துள்ளனர். அதில் இயக்கியின் தொழில் ஒன்றே: சாதனத்தின் தனிமொழியைப் பொதுமொழியாக்குதல். பங்கிடுதல் அதன் தொழிலன்று. அதற்கென மெய்நிகராக்கி என்னும் தனிக் கூறு உண்டு. பிறர் தரவு கலவாமற் படியெடுத்துக் கொடுத்தற்கு மற்றொரு கூறு உண்டு. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய நினைவகத்தை மட்டும் காணும். கடந்து செல்லும் தரவை இயக்கி கண்ணாற் காணவும் வேண்டுவதில்லை. மதகு திறப்பவரையும் பங்கு வகுப்பவரையும் வேறு பிரித்த போவத்தென்ன நெறியே இங்கும் ஆளுகின்றது எனலாம். வேலைகள் இவ்வாறு பிரிந்தமையால், வலையமைப்பு அட்டையின் இயக்கி சில நூறு வரிகளில் அடங்குகின்றது. ஒருவர் அமர்ந்து முற்றும் படித்து உணரத்தக்க அளவினதாகின்றது.

இதனையே முடிந்த முடிபாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. இயக்கிகளை மீண்டும் எழுதவேண்டும் என்னும் பழைய சுமை இங்கே திரும்பி வந்துவிடுகின்றது. எளிய வலையமைப்பு அட்டைக்குச் சில நூறு வரி போதும். கம்பியில்லாத் தொடர்புக்கும் வரைபடச் செயலிக்கும் போதா. அவற்றின் உள்விவரங்கள் வெளியார்க்குக் கிட்டுவதும் அரிது. ஆதலால் இச்சட்டகத்தை வகுத்தோரும், புதிய இயக்கி இல்லாத சாதனங்களுக்கு லினக்ஸ் முழுவதையும் மெய்நிகர் பொறியில் ஏற்றும் 2004ஆம் ஆண்டு வழியைத் துணையாக வைத்துள்ளனர். அவ்வாறு ஏற்றும்போதும் பங்கிடும் தொழிலை அந்த லினக்சின் கையில் விடாமல் வெளியே தனிக் கூற்றிடம் ஒப்படைக்கின்றனர் என்பதே முன்னையதினும் வந்த முன்னேற்றம். பழைய கருத்து தோற்கவில்லை. தனக்குரிய இடத்தில் அமர்ந்தது.

எனவே 2004ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றிய தீர்ப்பு இவ்வாறு அமையும். இயக்கிகளை மாற்றமின்றிக் கடன்கொள்ளுதற்கு அது காட்டிய வழி செவ்விய வழி. பிரிப்பில் அது வன்பொருளின் துணை உள்ளவிடத்து வென்றது. அஃது இல்லாதவிடத்துப் பாதியே வென்றது. மீட்சியில் சாதனத்துக்குத் தக்கவாறு வென்றும் தோற்றும் நின்றது. பகிர்வை அது தனி வினாவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்காத வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பின்வந்தோர் மயங்கியதே குற்றம். அக்குற்றம் அந்நூலோரைச் சாராது.

இவ்வாராய்ச்சி ஆய்வுக்கூடத்தோடு அமைவதன்று. நோயாளியின் மூச்சைத் தாங்கும் கருவியிலும், வண்டியின் தடுப்பிலும், அணைக்கட்டின் மதகிலும் இன்று கணினி அமர்ந்திருக்கின்றது. முன்னர்த் தனித்தனிப் பெட்டிகளில் இருந்த வேலைகளைச் செலவு கருதி ஒரே பெட்டியினுட் பல மெய்நிகர் பொறிகளாக அடைக்கும் வழக்கம் பெருகுகின்றது. பாட்டுக் கேட்பிக்கும் நிரலும் தடுப்பை இயக்கும் நிரலும் ஒரே சாதனத்தைப் பகிரும் நிலை அவ்வழியே வரும். அத்தகைய பொறியை வாங்குவோர், மெய்நிகர் பொறிகளாற் பிரிக்கப்பட்டது என்னும் விளம்பரச் சொல்லோடு மனநிறைவு கொள்ளாமல், மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும். சாதனம் நினைவகத்தில் எழுதுவதைக் காப்பது எது? பொதுவான சாதனத்தைப் பங்கிடும் நெறி எவர் கையில் உள்ளது? இயக்கி வீழ்ந்து எழுந்தபின் பாதியில் நின்ற வேலை யாதாகும்? தாமே பொறி செய்யாத நாட்டிலும் இவ்வினாக்களை வினவ அறிந்தோரை உண்டாக்குதல் கூடும். அது கல்லூரிகளின் கடமை. அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த ஆய்வுக்கூடமன்று, ஒரு கட்டுரை எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்று பிரித்துப் படிக்கும் பயிற்சியே.